ரவிவர்மாவின் வெண்கலம்

ராஜா ரவிவர்மாவுக்கு 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மூன்று தங்கப் பதக்கங்கள் கிடைத்தன என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். பரிசு கிடைத்தது உண்மைதான். இந்தியாவின் பல பகுதிப் பெண்களை அவரவர் உடையிலும் இயல்பிலும் தீட்டிய 10 ஓவியங்களை அவர் கப்பலேற்றி அனுப்பினார்; நடுவர்கள் பாராட்டிப் பரிசளித்தார்கள். தங்கம் என்பதுதான் தவறு. அந்தக் கண்காட்சி யாருக்கும் தங்கம் தரவில்லை, வெள்ளியும் தரவில்லை. ஓவியமானாலும் நீராவி எஞ்சினானாலும் கோதுமையானாலும், பரிசு பெற்ற 20,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே பதக்கம். சுமார் 3 அங்குல அகலத்தில் ஒரு வெண்கல வட்டு. முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு என்ற தரவரிசையே அங்கே கிடையாது. வெண்கலத்தில்தான் தருவது என்று 1892இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருந்தது.

இதைச் சொன்னால் சிலருக்கு மனம் சுருங்குகிறது. நம்மவருக்குக் கிடைத்தது வெறும் வெண்கலமா என்று கேட்கிறார்கள். ஒலிம்பிக் போட்டியைப் பார்த்துப் பார்த்து வெண்கலம் என்றால் மூன்றாமிடம் என்று நமக்குப் பழகிவிட்டது. பதக்கக் கலையின் வரலாற்றைப் புரட்டினால் கணக்கு வேறு. சிற்பிகளும் சேகரிப்பாளர்களும் நாடுவது வெண்கலத்தையே. விலை மலிவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணங்கள் ஒளியிலும் உலோகத்திலும் இருக்கின்றன.

முதலில் அந்தச் சிகாகோ பதக்கத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். முன்பக்கத்தை வடித்தவர் அகஸ்டஸ் செயிண்ட்-காடன்ஸ். டப்ளினில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர்; சிறுவயதில் சிப்பியிலும் கல்லிலும் நுண்ணிய முகங்களைச் செதுக்கும் பட்டறையில் தொழில் கற்றவர். ரவிவர்மா பிறந்த அதே 1848இல் பிறந்தவர். அவர் வடித்த கொலம்பஸ் கரையில் காலெடுத்து வைக்கிறான். இரு கைகளும் விரிந்திருக்கின்றன, முகம் மேல்நோக்கி இருக்கிறது, மேலங்கி பின்னால் பறக்கிறது. அவனுக்குப் பின்னால் கூட்டாளிகள், ஒரு கொடி. வலப்பக்கம் மேலே, நகத்தளவு இடத்தில், ஹெர்குலிஸ் தூண்களும் மூன்று பாய்க்கப்பல்களும். கப்பல்களின் உயரம் காகிதத் தடிப்புதான் இருக்கும். ஆனால் பார்ப்பவருக்குக் கொலம்பஸ் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான், கப்பல்கள் தொலைவில் கடலில் நிற்கின்றன.

பின்பக்கத்துக்கு ஒரு சண்டையே நடந்தது. செயிண்ட்-காடன்ஸ் அங்கே தீப்பந்தம் ஏந்திய ஆடையற்ற இளைஞனை வடித்திருந்தார். பதக்கம் வெளிவரும் முன்பே ஒரு வணிக நிறுவனம் அந்த உருவத்தின் கொச்சையான பிரதியை விளம்பரத்தாளில் அச்சிட்டுவிட, பத்திரிகைகள் கூச்சல் போட்டன, செனட்டில் எதிர்ப்பு கிளம்பியது. சிற்பி திருத்திக் கொடுத்தும் ஏற்கவில்லை. கடைசியில் அரசு நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்ல்ஸ் பார்பரைக் கொண்டு வேறு பின்பக்கம் செய்து ஒட்டினார்கள். கொம்பூதும் பெண், எழுதும் பெண், இருபுறமும் பந்தங்கள், நடுவில் பெயர்ப் பலகை. செயிண்ட்-காடன்ஸ் இதை மன்னிக்கவே இல்லை. ஒரே வட்டில் இருவர் கை. திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. முன்பக்கத்தில் காற்று வீசுகிறது, பின்பக்கத்தில் அலங்காரம் மட்டுமே நிற்கிறது. இந்த இழுபறியால் கண்காட்சி முடிந்து மூன்று ஆண்டு கழித்து, 1896இல்தான் பதக்கங்கள் உரியவர்களைச் சென்று சேர்ந்தன.

ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். பின்பக்கப் பலகையில் பரிசு பெற்றவரின் பெயர் பொறித்த எழுத்தாக இல்லாமல், புடைத்த எழுத்தாக இருக்கிறது. பதக்கம் அடித்த பிறகு மேலே கீறுவது எளிது. புடைத்து வரவேண்டுமானால் அச்சிலேயே பெயர் இருக்க வேண்டும். ஆகவே அச்சின் அந்தப் பகுதியை மட்டும் கழற்றி மாட்டும்படி செய்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர்த்துண்டு தயாரித்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி ஊரில் ஸ்கோவில் என்ற பித்தளை ஆலை இந்த வேலையை ஏற்றது. பல்லாயிரம் பதக்கம், பல்லாயிரம் பெயர். ஒரே கண்காட்சி, ஒரே உலோகம், ஆனால் பெயர் மாறும்போதெல்லாம் ஒரு புதுப் பதக்கம். சேகரிப்பவர்கள் இதை விரும்பித் தேடுவதற்கு இதுவே பெரிய காரணம். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மனிதரின், ஒரு கடையின், ஒரு ஊரின் கதை கிடைக்கும்.

கையடக்க உலோகத்தில் முகம் வடிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எங்கள் எருத்தேன்பதியில் இருப்பவர் வெகுதூரம் போக வேண்டாம். 1800இல் பிரான்சிஸ் புக்கானன் மைசூர், மலபார் நாடுகளை அளந்தறியப் புறப்பட்டு எங்கள் பக்கம் வந்தபோது, பொள்ளாச்சியில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்த செய்தியைக் குறித்துவைத்தார். அகஸ்டஸ், திபேரியஸ் என்ற பேரரசர்களின் தலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்கும் கொங்குநாட்டுக்கும் இடையே நடந்த வணிகத்தின் எச்சம் அது. வெள்ளலூர், கரூர், உடுமலைப் பக்கம் என்று இந்த வழி நெடுகிலும் ரோமக் காசுகள் அகப்பட்டிருக்கின்றன.

அதே மாதிரியான காசுகளை இத்தாலியில் மண்ணிலிருந்து எடுத்துப் பார்த்து வியந்தவர்கள்தான் 15ஆம் நூற்றாண்டில் பதக்கக் கலையைத் தொடங்கினார்கள். கான்ஸ்டாண்டிநோபிளின் பேரரசர் எட்டாம் யோவான் 1438இல் இத்தாலிக்கு வந்தபோது, பிசனெல்லோ என்ற ஓவியர் அவருடைய பக்கவாட்டு முகத்தை மெழுகில் வடித்து வெண்கலத்தில் வார்த்தார். மறுமலர்ச்சிக் காலத்தின் முதல் பதக்கம் என்று அதைச் சொல்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதியும் இன்றுவரை மெழுகில்தான் தொடங்குகிறார்: மெழுகில் உருவம், மேலே மண், மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகம். காசுக்கு மதிப்பு உண்டு, கடையில் செல்லும். பதக்கம் எங்கும் செல்லாது. ஒருவரை, ஒரு நிகழ்வை நினைவில் வைப்பது ஒன்றே அதன் வேலை. அதனாலேயே சிற்பிக்கு அதில் முழுச் சுதந்திரம் கிடைத்தது.

இனி ஒளியின் கதை. முழு உருவச் சிலையில் மூக்கின் உயரம் மூக்களவு இருக்கும். பதக்கத்தில் ஒரு மனிதனின் முழு உடலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கியாக வேண்டும். இவ்வளவு நசுக்கியும் அது ஏன் நசுங்கிய முகமாகத் தெரிவதில்லை? நம் கண் உயரத்தை நேராக அளப்பதில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே சரிகிறது என்பதை வைத்தே வடிவத்தை ஊகிக்கிறது. சிற்பி எல்லா உயரங்களையும் ஒரே விகிதத்தில் குறைத்தால், சரிவுகளின் ஒப்பீடு மாறாமல் இருக்கும். வெளிச்சத்தையும் அதற்கேற்பச் சாய்த்துவிட்டால் நிழலின் அமைப்பும் அப்படியே வந்துவிடுகிறது. இதைச் சிற்பிகள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். கணக்காக நிறுவியவர்கள் 1990களின் இறுதியில் வந்தார்கள். பீட்டர் பெல்ஹுமர், டேவிட் கிரீக்மன், ஆலன் யுயில் என்ற மூன்று கணினிப் பார்வை ஆய்வாளர்கள், மங்கலான பரப்புள்ள ஒரு முழு வடிவத்தையும் அதன் தட்டையாக்கிய புடைப்பு வடிவத்தையும், நேர் எதிரே இருந்து ஒற்றைப் படமாகப் பார்த்தால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை பிரித்தறியவே முடியாது என்று காட்டினார்கள். மனிதக் கண்ணானாலும் கணினியானாலும் இதே கதிதான். பதக்கச் சிற்பி நம்மை ஏமாற்றுவதாகத் தோன்றலாம். உண்மையில் இயற்கையே திறந்து வைத்திருக்கும் ஒரு வாசல் வழியாக அவர் நுழைகிறார்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு ரூபாய்க் காசை மேசையில் வைத்து, அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கை ஒரு பக்கமிருந்து தாழ்வாகப் பிடியுங்கள். நேர்வெளிச்சத்தில் தட்டையாகக் கிடந்த சிங்கமுகத் தூண் எழுந்து நிற்கும். வெளிச்சம் படத்தின் மேற்பக்கமிருந்து வரும்படி ஒரு படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். புடைத்திருந்த தூண் பலருக்குக் குழிந்து தோன்றும். வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று மூளை முடிவு கட்டிவைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. சூரியனுக்குக் கீழே வாழ்ந்த உயிரினத்துக்கு வேறு எப்படித் தோன்றும்?

பதக்கத்தைச் சரியாகப் பார்க்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிவைத்து நேராகப் பார்த்தால் பாதிதான் தெரியும். விளிம்பைப் பிடித்துக் கையில் எடுத்து, சன்னல் ஓரம் நின்று, மெதுவாகச் சாய்க்க வேண்டும். சாய்க்கச் சாய்க்கக் கன்னத்தில் நிழல் நகரும், துணிமடிப்பு அசையும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்கென்றே செய்த சிற்பம் இது.

தங்கம் இங்கேதான் தோற்றுப்போகிறது. மெருகேற்றிய தங்கம் ஒளியைக் கண்ணாடிபோல் ஒரே திசையில் திருப்பியடிக்கிறது. மினுக்கும் புள்ளிகளே கண்ணில் படும். நிழலின் மெல்லிய படிகள் கரைந்துபோகும். பழுப்பேறிய வெண்கலம் ஒளியைப் பரவலாகச் சிதறவிடுகிறது. குழிவில் கருமை தங்குகிறது, மேட்டில் செம்பு எட்டிப் பார்க்கிறது. சிற்பி வடித்ததெல்லாம் தெரிகிறது.

உலோகமும் ஒத்துழைக்க வேண்டும். செம்போடு வெள்ளீயம் கலந்தால் வெண்கலம். எவ்வளவு கலக்கிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பத்து விழுக்காட்டுக்குள் கலந்தால் சிலைக்கு ஏற்ற உலோகம். மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்த்தால் ஆரன்முளைக் கண்ணாடி. வெள்ளிபோல் பளபளக்கும், முகம் தெரியும், கீழே விழுந்தால் கண்ணாடியைப் போலவே உடையும். அதைப் பிரஸ்ஸில் வைத்து அடித்தால் சில்லுச் சில்லாகிவிடும். அடித்துச் செய்யும் பதக்கத்துக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான குணம்: அழுத்தத்துக்கு இணங்கி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிச்சேரும் மென்மை. அதனால் அமெரிக்கப் பதக்கத் தொழிலில் பெரிதும் புழங்குவது 90 பங்கு செம்பும் 10 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவை. அதில் வெள்ளீயமே இல்லை; வேதியியல் கணக்குப்படி அது பித்தளைக் குடும்பம். ஆனாலும் நிறம் வெண்கலம், நடத்தை வெண்கலம், விற்பதும் வெண்கலம் என்றுதான்.

செய்முறைக்கு வருவோம். சிற்பி 3 அங்குலத்தில் வடிப்பதில்லை. ஓரடி அகலம்வரை களிமண்ணில் பெரிதாக வடித்துப் பிளாஸ்டரில் வார்க்கிறார். அதைச் சிறிதாக்குவது ஓர் இயந்திரத்தின் வேலை. பாரிஸைச் சேர்ந்த விக்டர் ஜான்வியே 1899இல் காப்புரிமை பெற்ற சுருக்கு இயந்திரம்தான் 20ஆம் நூற்றாண்டின் பதக்கக் கலையையே மாற்றியது. ஒரு நீண்ட இரும்புச் சட்டம். அதன் ஒரு முனை நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். தூர முனையில் இருக்கும் ஊசி பெரிய மாதிரியைத் தடவிச் செல்லும். நிலைமுனைக்கு அருகில் சுழலும் வெட்டுக்கருவி, அதே மேடுபள்ளத்தைச் சிறிய அளவில் எஃகுக் கட்டியில் வெட்டும். மாதிரியும் எஃகும் ஒரே வேகத்தில் சுழல, ஊசி நடுவிலிருந்து விளிம்புக்குச் சுருளாக நகரும். மணிக்கணக்கில் ஓடும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கவும் அதில் வசதி உண்டு. சிற்பியின் கட்டைவிரல் களிமண்ணில் பதித்த தடம்கூட அப்படியே எஃகில் இறங்கிவிடும். நியூயார்க்கில் ஆன்ரி வெயில், ஃபெலிக்ஸ் வெயில் சகோதரர்கள் இந்த இயந்திரத்தை வரவழைத்து வேலையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய மெடாலிக் ஆர்ட் கம்பெனி அமெரிக்காவின் மிகப் பெரிய பதக்கச்சாலையாக வளர்ந்தது.

அச்சு தயாரானதும் அடி. நாணயத்துக்கு ஒரே அடி போதும். பதக்கத்தில் புடைப்பு அதிகம். ஓர் அடியில் உலோகம் அச்சின் ஆழம்வரை எட்டாது. நூற்றுக்கணக்கான டன் அழுத்தத்தில் முதல் அடி விழுந்ததும் உலோகம் இறுகிவிடும். இது ஏன் என்று பார்க்க வேண்டும். செம்பின் அணுக்கள் அடுக்கடுக்காக வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் ஆங்காங்கே பிசகுகள் உண்டு. உலோகம் வளைவதும் வழிவதும் இந்தப் பிசகுகள் நகர்வதால்தான். அடிக்க அடிக்கப் பிசகுகள் பெருகி, தேரோடும் வீதியில் கூட்டம் நெருக்கியடித்து யாரும் அசைய முடியாமல் நிற்பதுபோல ஒன்றையொன்று தடுத்து நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் அடித்தால் விரிசல்தான். ஆகவே வட்டை எடுத்து 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுவார்கள். அணுக்கள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், உலோகம் இளகும். பிறகு அதே அச்சில், அதே நிலையில் பொருத்தி இரண்டாம் அடி. மறுபடி சூடு, மறுபடி அடி. செயிண்ட்-காடன்ஸ் 1907இல் அமெரிக்காவின் 20 டாலர் தங்கக் காசை வடித்தபோது, பதக்கத்துக்குரிய புடைப்பைக் காசிலே கொண்டுவர ஆசைப்பட்டார். அந்தச் சோதனைக் காசு ஒன்றுக்கு 9 அடிவரை தேவைப்பட்டது. புழங்கும் காசுக்கு இது கட்டுப்படியாகுமா? புடைப்பைக் குறைத்த பிறகே அது புழக்கத்துக்கு வந்தது. எதிர்த்து நின்றவர் அதே பார்பர். இந்த ஒரு விஷயத்தில் பார்பர் சொன்னதில் நியாயம் இருந்தது.

உலோகத்தை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் வழக்கத்துக்கும் நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஹைதர் அலி 1766இல் எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு மைசூர்ப் போர்களின் கதை தெரியும். 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டபின், கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில், கான்ராட் குக்லர் வடித்த அச்சு. ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் திப்புவின் புலியை வீழ்த்துகிறது. மறுபக்கம் கோட்டைத் தாக்குதல். சூரியன் உச்சியில் நிற்கிறது, தாக்குதல் நடந்த நண்பகல் வேளையைக் காட்டுவதற்காக. கீழே பாரசீக எழுத்து. ஒரே வடிவம், ஐந்து உலோகம். பெரிய தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, ஹவில்தார் போன்றோருக்கு வெண்கல நிறமேற்றிய செம்பு, சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். கோட்டைச் சுவரின் இடிந்த பிளவில் முன்னால் ஓடியவர்களுக்கு மிக மலிவான உலோகம். அதுவும் கைக்கு வர 1808 ஆகிவிட்டது. வரலாறாகப் பார்த்தால் எனக்கு இது மனம் கசக்கும் பதக்கம். வேலைப்பாடாகப் பார்த்தால், ஐந்திலும் சிங்கத்தின் பிடரி மிக நன்றாகத் தெரிவது அந்தப் பழுப்புச் செம்பில்தான்.

அமெரிக்கர்களும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. பனாமாக் கால்வாயில் இரண்டு ஆண்டு வேலை செய்தவர்களுக்கு ஒரு வெண்கலப் பதக்கம் தந்தார்கள். அதை வடிப்பதில் பங்கெடுத்த விக்டர் டேவிட் பிரென்னர்தான் 1909இல் லிங்கன் முகம் போட்ட ஒரு சென்ட் காசையும் வடித்தவர். அந்த வெண்கலம் வந்த இடம் வியப்பானது. பிரெஞ்சுக்காரர்கள் கால்வாய் வேலையைக் கைவிட்டுப் போனபோது காட்டில் துருப்பிடிக்க விட்டுச்சென்ற இயந்திரங்களின் செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி அடித்தார்கள். தோற்ற முயற்சியின் உலோகம் வென்ற முயற்சியின் நினைவாயிற்று. ஆனால் பதக்கம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். மலையை வெட்டிய பெரும்பான்மைக் கரீபியக் கூலித் தொழிலாளர்களுக்கு எதுவும் இல்லை.

நம் நாட்டுக்கு வந்தால் மனம் நிறைகிறது. பாரத ரத்னாவை 1954இல் முதலில் தங்கத்தில்தான் திட்டமிட்டார்கள். பிறகு மாற்றினார்கள். இன்று கொல்கத்தா நாணயச்சாலை செய்வது அரச இலை வடிவில் பழுப்பேற்றிய வெண்கலம். சூரியனும் விளிம்பும் மட்டும் பிளாட்டினம். போர்க்களத்தின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்கரமும் வெண்கலம்தான்.

இப்போது நிறம். பிரஸ்ஸிலிருந்து வரும் பதக்கம் புதுச்செம்புபோல் இளஞ்சிவப்பாக மின்னும். அதைக் கந்தகச் சேர்மக் கரைசலில் முக்கினால் மேற்பரப்புச் செம்பு செம்பு சல்பைடாக மாறி, பழுப்பிலிருந்து கறுப்புவரை நிறம் ஏறும். பிறகு மேடான இடங்களை மட்டும் நுண்ணிய பொடியால் இலேசாகத் தேய்த்து நிறத்தைக் குறைப்பார்கள். நெற்றி, மூக்கு, முழங்கால் எல்லாம் வெளிச்சம் பெறும். கண்குழி, துணிமடிப்பு இருளில் நிற்கும். சிற்பி போடும் கடைசி நிழல் இது. சில மைக்ரான் தடிப்புள்ள இந்தப் படலம் இல்லாவிட்டால் பதக்கம் பாதி ஊமை.

நம் வீடுகளில் நடப்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் வெண்கல உருளி, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பது நல்ல வழக்கம். புளியின் டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைப் பற்றிக் கரைத்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். விளக்குக்கு அது அழகு. அலமாரியில் கிடக்கும் தாத்தாவின் பதக்கத்தையும் அதே கூட்டத்தில் போட்டுத் தேய்த்தால், நூறாண்டு நின்ற படலம் ஒரு நிமிடத்தில் போய்விடும். பொடியும் நாரும் சேர்ந்தால் கண்ணிமை, தலைமுடிக் கோடு எல்லாம் மழுங்கும். நிறத்தை மறுபடி ஏற்றலாம். மழுங்கிய முகத்தைத் திருப்ப முடியாது.

விடவே கூடாத பச்சை ஒன்றும் உண்டு. பழைய வெண்கலத்தில் வழவழப்பாக, இறுகிப் படிந்திருக்கும் கரும்பச்சைக் களிம்பு கெடுதல் செய்வதில்லை. உள்ளிருக்கும் உலோகத்தை அது காக்கிறது. வெளிர்பச்சை நிறத்தில், புள்ளிப் புள்ளியாக, தொட்டால் மாவாக உதிர்வதுதான் ஆபத்து. அருங்காட்சியகக்காரர்கள் அதை வெண்கல நோய் என்கிறார்கள். உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே ஒளிந்திருக்கும். ஈரக்காற்று பட்டதும் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து பச்சைப் பொடியாக மாறும். அந்த வினையில் அமிலம் பிறக்கும், அமிலம் மேலும் செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடு. ஒருமுறை தொடங்கினால் தானே சுழன்றுகொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

இந்த நோய்க்கு எதிரான போராட்டத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமையான இடம் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் உலகின் சிறந்த வெண்கலச் சிலைத் தொகுப்புகளில் ஒன்றை வைத்திருக்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடந்து வந்த சிலைகள் பலவற்றில் இந்தப் பச்சை கண்டது. 1930இல் அங்கே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியபோது பொறுப்பேற்ற எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையால் சிலைகளைக் குணப்படுத்தினார். கரைசலில் சிலையை எதிர்மின்முனையாக்கி மெல்லிய மின்சாரம் செலுத்தினால், குளோரைடு உலோகத்தை விட்டு வெளியேறும். இந்தியாவில் கலைப்பொருள் பாதுகாப்பு அறிவியலுக்கு அது ஒரு தொடக்கம். அவர் பெயர் இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும்.

விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. பதக்கத்தின் முகத்தில் விரல் பதிந்தால் சில வாரங்களில் ரேகை அப்படியே கறையாக எழும். பிறகு அதை எடுக்கவே முடியாது. ஆகவே விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் அமிலத்தையும் பிசுக்கையும் கக்கும், அவற்றில் வைக்காதீர்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. சுற்றிவைத்த இடத்தில் கறுப்புக்கோடு விழும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். சித்தூர் தாலுகாவின் கிழக்கோரமான எருத்தேன்பதி மழைமறைவுப் பகுதி. குடிநீருக்குத் திண்டாடும் மண். அந்த வறட்சியே வெண்கலத்துக்கு மட்டும் நன்மை செய்கிறது. கோழிக்கோட்டிலோ கொச்சியிலோ கடற்காற்றில் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சேகரிக்க விரும்புவோருக்கு அமெரிக்கப் பதக்கங்களில் நல்ல நுழைவாயில் ஒன்று உண்டு. 1930இல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் மெடலிஸ்ட்ஸ் என்ற அமைப்பு, சந்தாதாரர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு பதக்கம் என்று அனுப்பிவந்தது. எந்த நிகழ்வைக் கொண்டாட வேண்டும், யார் முகத்தைப் போட வேண்டும் என்று சிற்பிக்குக் கட்டளை கிடையாது. முதல் பதக்கத்தை வடித்தவர் லாரா கார்டின் ஃபிரேசர் என்ற பெண். இரண்டாவது பால் மான்ஷிப். 1995வரை 129 பதக்கங்கள். நூறு சிற்பிகளுக்கு மேல் கையளவு வட்டத்துக்குள் என்னென்ன செய்ய முடியும் என்று முயன்று பார்த்த வரிசை அது. மெடாலிக் ஆர்ட் கம்பெனியின் பழைய அச்சுகளும் மாதிரிகளும் 2018இல் நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் கைக்கு வந்துவிட்டன. ஆராய்வோருக்கு அது பெரிய புதையல்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு முன் நம் வீட்டு அலமாரிகளைத் திறந்து பார்க்கலாம். கண்காட்சிப் பரிசு, பள்ளிக்கூட விருது, படைப்பிரிவு நினைவு, ஏதோ ஒரு மன்னரின் முடிசூட்டு நினைவு என்று கொங்கிலும் பாலக்காட்டிலும் எத்தனையோ பதக்கங்கள் பெட்டிகளின் அடியில் கிடக்கும். ஒவ்வோர் ஆண்டும் வீடு இடித்துக் கட்டும்போது பழைய பாத்திரங்களோடு எடைக்குப் போய்விடுகின்றன. எடைக்காரரின் தராசில் செயிண்ட்-காடன்ஸும் ஓட்டைக் குடமும் ஒன்றுதான். நூறு ஆண்டைத் தாண்டிய பதக்கம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படி ஒன்று உங்கள் கையில் அகப்பட்டால் பின்பக்கத்தில் பெயர் இருக்கிறதா பாருங்கள். விளிம்பில் சிறிய எழுத்தில் பதக்கச்சாலையின் முத்திரை இருக்கலாம். சிற்பியின் கையெழுத்து தோளுக்கருகிலோ கீழ்க்கோட்டின் அடியிலோ ஒளிந்திருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து இருபுறமும் படம் எடுத்து, எழும்பூர் போன்ற ஓர் அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவுக்குக் காட்டிக் கேளுங்கள். அதுவரை அதை எதனாலும் துடைக்காதீர்கள். முக்கியமாக, புளி போடாதீர்கள்.